பூக்கடை அக்காவுக்கும் ஓடி வந்த எல்லோருக்கும்

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு விடுகிறாள், இட்லி கேட்டு அடம்பிடிக்கிறாள். விசாரித்துக்கொண்டே இருந்த அத்தனை பேருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைப் பாப்பா எடுத்துக் குடித்துவிட்டது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி விரிவாக எழுத மனசு வரவில்லை. ஆனால் பூக்கடை அக்கா செய்தது பலருக்குத் தெரியாது. பிள்ளை இருமிக்கொண்டு நிற்க, உப்புத் தண்ணீர் கொடு, தொண்டையில் விரலை விடு என்று ஆளாளுக்குப் பதறியபோது, தெருமுனையில் பூ கட்டிக்கொண்டிருந்தவர் சரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, வாய்க்கருகே போன டம்ளரைப் பிடுங்கிக் கீழே கொட்டினார். "சீமெண்ணெய் குடிச்ச புள்ளைய வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நெஞ்சுக்குள்ள போயிரும்" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் விலகினார்கள். நனைந்த கவுனைக் கழற்றி, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் உடம்பைக் கழுவி, அந்தப் பாட்டிலையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார், டாக்டர் பார்க்கணுமாம். அவர் தங்கை பிள்ளைக்கு எப்போதோ இப்படி ஆனபோது ஒரு நர்ஸ் சொன்னதாம்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னபோது கை நடுங்கிவிட்டது. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்யும் கேடுதான் அதிகமாம். தண்ணியாக இருப்பதால் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிவிடும், கொஞ்சம் போனாலே புண்ணாகி வீங்கிவிடும், வாந்தி எடுத்தால் மறுபடியும் உள்ளே போக வழி கிடைக்கும். முறிக்க மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் குறைந்தது 6 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்களாம், மூச்சுத்திணறல் தாமதமாகவும் வரும் என்பதால்.

காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், ராத்திரி முழுக்க மூச்சை எண்ணிய நர்ஸம்மா, பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளை படுத்திருக்க எனக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்த அம்மா, லீவு கேட்காமலே கொடுத்த ஆபீஸ்காரர்கள், எல்லோருக்கும் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. எங்கள் அங்கன்வாடியில் அடுத்த தாய்மார் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் பாட்டில் முதல் பெயின்ட் தின்னர் வரை. அக்காவையும் கூப்பிட்டேன், வெட்கமாயிருக்கிறது என்கிறார். நான் பேசுகிறேன் அக்கா, நீங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள், போதும்.