கூகைப் பெட்டிக்கும் கோபித்துக்கொண்ட பெற்றோருக்கும் நன்றி

கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தோட்ட மக்களுக்கும் எங்கள் பள்ளிப் பெற்றோருக்கும் வணக்கம்.

நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் கூட்டிப்போய் அறிவியல் கற்பித்தோம் அல்லவா, அதில் முதல் சுற்று முடிந்திருக்கிறது. உதவியவர்களில் பலர் "பேர் போடாதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன். யார் யார் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

முதல் நன்றி இந்தத் திட்டமே வேண்டாம் என்ற பெற்றோருக்கு. கிண்டலாகச் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "நாங்க வெயில்லயும் கொசுக்கடியிலயும் நின்னது போதும். பிள்ளைங்களாவது காத்தாடிக்குக் கீழ உட்கார்ந்து படிக்கட்டும்" என்றார். தோட்டத்தை விட்டு வெளியேறத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், நீங்கள் மறுபடியும் அங்கேயே கூட்டிப்போனால் எப்படி என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகுதான், பிள்ளைகள் அங்கே ஒரு வேலையும் செய்யக்கூடாது, பார்க்கவும் அளக்கவும் எழுதவும் மட்டுமே போகவேண்டும் என்று முடிவானது. பிள்ளைகளைப் புல் பிடுங்கவிட்டு அதற்கு இயற்கைக் கல்வி என்று பெயர் வைப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. நீளக்கைச் சட்டை, மூடிய காலணி, பிள்ளைகளுக்கு முன்னால் தடியோடு ஒரு பெரியவர் என்ற விதிகளும் அந்தக் கூட்டத்தில் கிடைத்தவையே.

மருந்தடிக்கும் நாள்களை முன்கூட்டியே சொல்லி, நாங்கள் வரும் பக்கத்தை அந்த வாரம் விட்டுவைத்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயாவுக்கு நன்றி. இது இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் நம் மண்டோர் (கங்காணி) தாத்தா. செம்பனைக் காட்டில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை என்னும் ஆந்தையை வளர விடுவது எலியைக் கட்டுப்படுத்தத்தான். பழக்குலையைக் கடிக்கும் எலியைக் கூகை அப்படியே விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கடியில் கிடந்த அந்த உருண்டைகளைத் தாத்தா கையுறை போட்டுப் பொறுக்கி வந்தார். அவற்றைச் சூடேற்றிக் கிருமி நீக்க வீட்டுப் பழைய ஓவனைக் கொடுத்த சிற்றுண்டிச்சாலை அக்கா, "இனி இதுல கேக் சுட்டா யாரு திங்கிறது?" என்று அதைப் பள்ளிக்கே விட்டுவிட்டார். பிள்ளைகள் இடுக்கியால் பிரித்து, மண்டையோடு, தாடை, விலா என்று கறுப்புத் தாளில் ஒட்டினார்கள். எலிக்கு வைக்கும் விஷம் எலி வழியாகக் கூகைக்கும் போய்ச் சேரும் என்று தாத்தா சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி வளர்த்த பாட்டிமார்களிடம் அன்று மாலை நிறைய வாக்குவாதம் நடந்ததாகக் கேள்வி!

எனக்கு மறக்காதது இன்னொரு பாட்டியின் வகுப்பு. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனிக் குலையாக வரும். ஆண் பூக்குலையை முகர்ந்த ஒரு பையன் "சோம்பு வாசம்!" என்று கத்தினான். அதில் எள்ளளவு மூக்கு வண்டுகள் மொய்த்திருந்தன. 1981இல் ஆப்பிரிக்காவின் கமரூனிலிருந்து கொண்டுவந்து மலேசியாவில் விட்ட வண்டு என்று பாடக்குறிப்பில் இருந்ததைப் படித்தேன். பாட்டி சிரித்துவிட்டு, "அதுக்கு முன்னாடி அந்த வண்டு வேலையை நாங்கதான் செஞ்சோம்" என்றார். ஆண் பூவின் பொடியை உதிர்த்து, முகப்பவுடர் மாதிரியான மாவோடு கலந்து, ஒவ்வொரு பெண் பூவாகத் தேடி ஊதவேண்டுமாம். கையால் அமுக்கி ஊதுவது எப்படி என்று செய்தும் காட்டினார். மகரந்தச் சேர்க்கையை நான் பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதையே கூலிக்குச் செய்தவரிடம் கேட்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்தது. அவரிடம் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் மதிய மணி அடித்தும் முடியவில்லை.

மெர்போக் ஆற்றில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் படகு விட்ட பாக் சிக்குக்கும் (மலாயில் மாமா), உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் ஏற்றாத அவர் பிடிவாதத்துக்கும் நன்றி. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு ஆண் என்பதைச் சேற்றில் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். முதலுதவிப் பெட்டியோடு கூடவே வந்த தாதிக்கும், அட்டை கடித்தால் உப்புப் போடாமல் நகத்தால் நெம்பி எடுக்கக் கற்றுக்கொடுத்ததற்காக, தனியாக ஒரு நன்றி.

கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த அம்மா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. மகனுக்குக் காலணி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த தவணையில் ஜெராய் மலைப் பக்கம் மேகம் கட்டும் நாள்களையும் பள்ளித் திடலில் பெய்யும் மழையையும் குறித்து ஒப்பிடப் போகிறோம். மழைமானி செய்ய, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாட்டில்கள் வேண்டும். வீட்டில் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை