சேலைக்கு ஃபால்ஸ் வைக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு எடுத்த செட்டிநாட்டுப் பருத்திச் சேலைக்கு நீயே கையால் ஃபால்ஸ் வைக்கப் போவதாகவும், அதற்கு முன் கைக்குட்டையில் தைத்துப் பழகட்டுமா என்றும் கேட்டிருந்தாய். கைக்குட்டை வேண்டாம். கை பழகுவதற்குள் அது முடிந்துவிடும். ஃபால்ஸ் என்பது சேலையின் கீழ்க்கரைக்கு உட்புறம் வைத்துத் தைக்கிற நீளப் பட்டைத் துணி, அதன் ஓரம் இரண்டரை மீட்டருக்குக் குறையாத நேர்கோடு. அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் ஒரு ஓரத்துக்கே 500 தையல் வரும். முதல் நூறு கோணலாகப் போனாலும் கவலையில்லை, சேலை கட்டும்போது அந்தப் பகுதிதான் முதல் சுற்றாக உள்ளே போகிறது. ஓட்டுத் தையல், பின் தையல், ஓரத்தை வெளியே தெரியாமல் பிடிக்கிற எம்மிங் என்று அடிப்படைத் தையல் மூன்றையும் இந்த ஒரே சேலையில் கற்றுவிடலாம்.

கடையில் நூல் எடுக்கும்போது கண்டைச் சேலைமேல் வைத்து நிறம் பார்க்காதே. கண்டாகச் சுற்றியிருக்கும்போது நூல் அடர்த்தியாகத் தெரியும், தைத்த பிறகு வெளிறிவிடும். ஓர் இழையை இழுத்துச் சேலைமேல் போட்டுப் பார். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு படி அடர்ந்ததை எடு. வெளிர் நூல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஊசி 8 அல்லது 9ஆம் நம்பர் போதும். கையூசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்.

ஃபால்ஸைத் தண்ணீரில் நனைக்காமல் தைக்கவே கூடாது. புதுப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் சேலையின் கீழ்க்கரையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அந்தச் சுருக்கம் போகாது. சில மணி நேரம் ஊறவிட்டு, சாயம் இறங்குகிறதா பார்த்து, நிழலில் காயவைத்துத் தேய்த்து வை. உன்னுடையது பருத்திச் சேலை என்பதால் சேலையையும் ஒருமுறை தனியாக அலசிவிடு. பட்டுச் சேலையாக இருந்தால் ஃபால்ஸை மட்டும் நனைத்தால் போதும்.

இனி, புதிதாகத் தைக்கிறவர்கள் அதிகம் தவறுகிற இடம்: எந்தக் கரை, எந்த முனை? பிளவுஸ் துணி சேலையோடு சேர்ந்து வந்திருந்தால் முதலில் அதை வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தைச் சிறிதாக இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிடு. பிறகு சேலையின் உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரி. முந்தானை உன் இடது கைப்பக்கமும், இடுப்பில் செருகும் முனை வலது கைப்பக்கமும் இருக்கட்டும். அப்போது உன் முழங்காலை ஒட்டிக் கிடப்பதுதான் கீழ்க்கரை. செருகும் முனையிலிருந்து அரைச் சாண் விட்டு ஃபால்ஸைத் தொடங்கு. அதன் இரு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்துக்கொள். ஃபால்ஸின் ஓரம் சேலைக் கரைக்கு ஒரு நூலளவு உள்ளே இருக்க வேண்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

மடியில் போட்டு இந்த வேலையைச் செய்யாதே. தொங்குகிற துணி தன் கனத்தில் இழுபடும், ஃபால்ஸ் ஒரு பக்கம் தொய்யும். தரையிலேயே குண்டூசி குத்தி, பிறகு வேறு நிற நூலில் இரு ஓரத்துக்கும் பெரிய ஓட்டுத் தையல் போடு. ஊசியை மேலும் கீழுமாக நீந்தவிட வேண்டியதுதான், தையலுக்குத் தையல் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கலாம். இது பிறகு பிரித்துவிடப் போகிற தையல். நேரம் வீண் என்று இதைத் தவிர்க்கிறவர்கள்தான், கடைசி முனையில் இரண்டு விரற்கடை ஃபால்ஸ் மிஞ்சி நிற்க முழிப்பார்கள்.

நூலை முழம் அளவுக்கு மேல் வெட்டாதே. அடிக்கடி கோக்க வேண்டுமே என்ற சோம்பலில் எல்லோரும் இரண்டு முழம் எடுப்பார்கள். ஒவ்வொரு தையலிலும் நூல் துணிக்குள் உரசிப் போகிறது, அதன் முறுக்கும் ஏறுகிறது. நீள நூல் அதனால்தான் சிக்கி, பஞ்சாகி, அறுகிறது. கண்டிலிருந்து முதலில் வந்த முனையை ஊசிக் காதில் கோத்து, வெட்டிய முனையில் முடிச்சுப் போடு. ஒற்றை இழை போதும். முறுக்கேறினால் ஊசியைத் தலைகீழாகத் தொங்கவிடு, அதுவே சுழன்று பிரிந்துகொள்ளும்.

எம்மிங் வலமிருந்து இடமாகப் போகும். முடிச்சை ஃபால்ஸுக்கு அடியில் மறைத்து ஊசியை அதன் ஓரத்தில் வெளியே எடு. அந்த இடத்துக்கு நேர் எதிரே சேலையில் ஒரே ஒரு இழையை, மிஞ்சினால் இரண்டை, ஊசி நுனியால் தூக்கு. அதே போக்கில் ஊசியைச் சாய்த்து, அரை சென்டிமீட்டர் தள்ளி ஃபால்ஸின் ஓரத்துக்குள் நுழைத்து இழு. நூல் படிந்ததும் நிறுத்திவிடு. இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று தோன்றும் பார், அந்தக் கொஞ்சம்தான் சேலையின் மேல்புறத்தில் வரிசையாகக் குழி விழச் செய்வது. பத்துத் தையலுக்கு ஒருமுறை துணியைத் திருப்பிப் பார். வெளிப்பக்கம் ஊசிமுனை அளவுப் புள்ளிக்கு மேல் தெரிந்தால் அதிக இழைகளைக் குத்துகிறாய். தைத்த இடத்தை இரு விரலால் நீவிவிட்டால் இறுக்கம் சமமாகும்.

ஒரு முழ நூல் ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக ஓடும். நாலு விரல் நூல் மிஞ்சும்போதே நிறுத்தி, அதே இடத்தில் ஃபால்ஸில் மட்டும் மூன்று முறை பின் தையல் போடு: ஊசி வெளிவந்த இடத்துக்கு ஒரு தையல் பின்னால் குத்தி, மறுபடி முன்னால் எடுக்க வேண்டும். வெறும் முடிச்சை நம்பாதே. இந்த நெசவில் அது எளிதாக உருவிக்கொண்டு வரும். அம்மா மெட்டி போடுகிறவர். மெட்டியோ கொலுசோ மாட்டி ஒரு நாள் இழுக்கத்தான் போகிறது. சாணுக்குச் சாண் பூட்டியிருந்தால் அந்தத் துண்டு மட்டும் பிரியும்.

கீழ் ஓரத்தை முதலில் முடி. மேல் ஓரம் தொடங்குமுன் ஃபால்ஸை ஒருமுறை உள்ளங்கையால் தடவு. எங்காவது விறைப்பாக இருந்தால் அங்கே ஓட்டுத் தையலைப் பிரித்துத் தளர்த்திவிடு. இரண்டு மாலை நேரம் பிடிக்கும். முதல் நாள் இரவு ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிடாதே, வியர்வை பட்ட ஊசி துருப்பிடித்துக் கறை வைக்கும். குண்டூசிகளை எண்ணிக் குத்தியிருப்பாய் அல்லவா, எண்ணியே எடு.

அன்புடன்,
அக்கா