கிழட்டு ஆறு என்று ஒன்று இல்லை: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புவியியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஆறுகள் பற்றிய பாடத்தில் தவறாமல் வரும் ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த மடல். மலையில் 'இளநிலை', அங்கே அரித்தல். சமவெளியில் 'முதிர்நிலை', அங்கே கடத்துதல். கடலோரத்தில் 'மூப்பு நிலை', அங்கே படியவைத்தல். இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து, மனப்பாடம் செய்யச் சொல்லி, மதிப்பெண்ணும் போட்டவன் நான். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899-ல் இந்த வயதுக் கணக்கை விரிவாக எழுதியபோது, ஒரு நிலப்பரப்பு நெடுங்காலத்தில் தேய்ந்து தாழ்வதைப் பற்றியே பேசினார். நாமோ ஒரே ஆற்றின் தலையில் குழந்தையையும் வாலில் கிழவனையும் உட்கார வைத்துவிட்டோம். மூன்று வேலைகளையும் ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்தும் கொடுத்துவிட்டோம்.

ஏதாவது ஓர் ஆற்று வளைவில் போய் நின்று பாருங்கள். வெளிக்கரை சுவர் போலச் செங்குத்தாக நிற்கும். அதன் அடிப்பகுதியைத் தண்ணீர் குடைந்திருக்கும். மேலே புல்லின் வேர்கள் அந்தரத்தில் தொங்கும். சற்று நேரம் காத்திருந்தால் ஒரு மண்கட்டி 'தொப்'பென்று விழுந்து நீரைக் கலக்கும். எதிரே உட்கரையில் மணல் மெல்லச் சரிந்து நீருக்குள் இறங்கும். கலங்கிய நீர் இவ்விரண்டுக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கும். அரித்தல், கடத்துதல், படியவைத்தல் மூன்றும் கல்லெறியும் தூரத்துக்குள் நடக்கின்றன.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கோப்பைத் தேநீரில் காட்டலாம். கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தால், தேயிலைத் தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில் நடுவே குவிகிறது. ஐன்ஸ்டைன் 1926-ல் ஆற்று வளைவுகளை விளக்க இதைத்தான் எடுத்துக்கொண்டார். வளைவில் மேல்நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அங்கே கீழிறங்கி, அடித்தரையை ஒட்டி உட்கரைக்குத் திரும்புகிறது. வெளிக்கரையில் அரிக்கும் நீர் உட்கரைப் பக்கம் மணலைத் தள்ளிவிட்டுப் போகிறது. வளைவு மேலும் வளைந்து, கழுத்து ஒடுங்கி, ஒரு வெள்ளத்தில் அறுந்தால், ஆற்றை விட்டுப் பிரிந்து ஏரியாகத் தனித்து நிற்கும் அந்த வளைவுதான் குருட்டு ஆறு. இவ்வளவு நல்ல பெயரை வைத்துக்கொண்டு அதற்கு இரண்டே வரி ஒதுக்குகிறீர்கள்!

அடுத்து, 'மூப்பு நிலையில் ஆறு மெதுவாக ஓடும்' என்ற வாக்கியம். மலையோடையின் நுரையும் இரைச்சலும் நம்மை ஏமாற்றுகின்றன. அதன் ஆற்றலில் பெரும்பகுதி பாறைகளில் மோதியே வீணாகிறது. கீழே வரவர ஆழம் கூடுகிறது, உராய்வு குறைகிறது. சராசரி வேகம் கீழ்நோக்கிக் குறைவதில்லை, பெரும்பாலும் சற்றுக் கூடவே செய்கிறது என்று அமெரிக்க நீரியலாளர் லூனா லியோபோல்ட் அளவீடுகளைக் கொண்டு 1953-லேயே காட்டிவிட்டார்.

'வேகம் குறைந்தால் வண்டல் படியும்' என்பதும் பாதி உண்மைதான். மணலைவிட நுண்ணிய களிமண்ணைப் பெயர்க்க அதிக வேகம் வேண்டும், ஏனெனில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒருமுறை மிதக்கத் தொடங்கினால், நீர் ஏறக்குறைய நின்றுபோனாலும் எளிதில் படியாது. ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935-ல் வரைந்த வளைகோடு இதைச் சொல்கிறது. அந்தக் களிமண் முகத்துவாரத்தில் படிவதற்கு, துகள்களைத் திரளச் செய்யும் கடலின் உப்பும் ஒரு காரணம். கழிமுகம் (டெல்டா) பற்றிய பாடத்தில் உப்பு என்ற சொல்லையே நான் பார்த்ததில்லை.

படம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. இதைப் படித்து வளர்பவர்கள்தாம் பின்னாளில் அணை கட்டுகிறார்கள், கரையோரத்தில் வீடு கட்டுகிறார்கள். படியவைத்தல் கடலோரத்தின் சொந்த வேலை என்று நம்புகிறவருக்கு, மேலே அணை மறித்து வைக்கும் மண்ணுக்கும் கீழே கரையும் கடற்கரைக்கும் உள்ள உறவு தெரியாது. 1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு நைலின் வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. ஆற்றிலிருந்து வரவு நின்ற கழிமுகக் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. மஞ்சள் ஆறு தன் படுகையில் தானே மண்ணை நிரப்பிச் சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்து, 1855-ல் கரையை உடைத்துக்கொண்டு போனது. சாண்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு வடக்கே போய்க் கலந்தது. இதைக் கிழவனின் தள்ளாட்டம் என்றா மாணவருக்குச் சொல்வது?

புதிய பாடநூலே கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்த மூன்று வயதுப் படத்தை எடுத்துவிட்டு, ஒரே ஒரு வளைவை முழுப்பக்கத்தில் வரையுங்கள். அடியில் நீர் திரும்பும் திசைக்கும் ஓர் அம்புக்குறி இருக்கட்டும். பயிற்சி வினாவில் 'மூப்பு நிலையின் நிலத்தோற்றங்கள் யாவை?' என்பதற்குப் பதிலாக அந்த வளைவையே கொடுத்து, பத்து வெள்ளங்களுக்குப் பிறகு கரை எங்கே இருக்கும் என்று பென்சிலால் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாடநூலை நடத்திய ஓர் ஆசிரியர்