7 மணி மீட்டிங்

அண்ணா,

நீங்கள் வேலையை விட்டு இந்தத் தையோடு ஒரு வருஷம். ஏன் விட்டீர்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உங்களுக்கே தெரியாத பாதியை எழுதத்தான் உட்கார்ந்தேன். நம் ஆட்களும் இதைப் படிப்பார்கள், அதனால் எஸ்டேட் பெயர் வேண்டாம்.

அந்தக் கார்த்திகை மாத மீட்டிங். புதிதாகச் சேர்ந்த பெண் பத்துக் காபிப் பழங்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். முதல் தடவையாக எழுந்து பேசுகிறாள், இரண்டு வரி முடியவில்லை, மேஜையைத் தட்டினீர்கள். கிளாஸ் சாய்ந்து அவள் நோட்டெல்லாம் டீ. அவள் துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டிருக்க, நீங்கள் ஒரு பழத்தை நகத்தால் பிளந்து என் முன்னால் வைத்தீர்கள். நுனியில் ஊசி குத்தியது போல் ஓட்டை, உள்ளே கடுகளவு கறுப்பு வண்டு. "உதிர்ந்த பழம் பொறுக்கக் கூலி கிடையாதுன்னா காய்த்துளைப்பான் வராம என்ன பண்ணும்?"

அந்தக் கூலியை வெட்டியது நான். தரையில் கிடக்கும் பழத்திலும் செடியில் விட்டுப்போன பழத்திலும்தான் அந்த வண்டு அடுத்த பருவம் வரை தங்கும் என்று எனக்கும் தெரியும். செலவைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். இதற்கு மேல் இங்கே சொல்ல முடியாது.

நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அவள் சொல்ல வந்ததும் அதேதானே அண்ணா! அவள் வாயை ஏன் அடைத்தீர்கள்? நீங்கள் இருந்தவரை அவள் அப்புறம் பேசவே இல்லை.

அடுத்த மாதமே மீட்டிங்கை மலையிலிருந்து கீழே சேலத்துக்கு மாற்றினேன், காலை 7 மணிக்கு. முதலாளி மாற்றியதாகச் சொன்னது பொய். மார்கழிப் பனியில் 20 கொண்டை ஊசி வளைவும் பைக்கில் இறங்க உங்கள் முட்டி இடம் கொடுக்காது என்று தெரிந்தே செய்தேன். மன்னித்துவிடுங்கள். "அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கண்ணா" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பயம்.

சில்வர் ஓக் நிழலில் உட்கார வைத்து கிளை வெட்டிக் கவாத்து செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்த கை அது. அது மேஜையில் விழும்போதெல்லாம் வெறுத்தேன்.

உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டேன். உதிரிப் பழத்துக்கு மறுபடி கூலி போட்டாயிற்று. அவள்தான் கேட்டாள். மீட்டிங் இப்போது மேலேதான், 10 மணிக்கு.