எம்.பி. சம்பளத்தை நிறுத்துவதானால்

ஆசிரியர் அவர்கட்கு,

அமெரிக்காவில் செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறாமல் 2025 ஒக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. அரச ஊழியர்கள் வெறுங்கையோடு வேலைக்குப் போனார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் நிற்கவில்லை. இங்கே இலங்கையிலும் வரவு செலவுத் திட்டத்தை இழுத்தடித்தால் எம்.பி.மாரின் சம்பளத்தை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அமெரிக்க முயற்சிகள் எங்கே சறுக்கின என்று பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

அவர்களது 174,000 டொலர் வருடச் சம்பளம் ஆண்டுதோறும் வாக்கெடுக்கும் ஒதுக்கீட்டில் இல்லை. நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து போகிறது. அதைக் கூட்டும், குறைக்கும் சட்டம் எதுவும் அடுத்த தேர்தலுக்கு முன் செல்லாது என்கிறது அவர்களது அரசியலமைப்பில் 1992இல் நிறைவுபெற்ற 27ஆவது திருத்தம். ஆகவே 2013இல் குறுக்குவழி தேடினார்கள்: ஏப்ரல் 15க்குள் வரவு செலவுத் தீர்மானத்தை நிறைவேற்றாத சபையின் சம்பளத்தைப் பிடித்துவைத்துப் பின்னர் கொடுப்பது. இரு சபைகளும் மார்ச்சிலேயே ஆளுக்கொரு தீர்மானத்தை நிறைவேற்றித் தப்பின. அதே ஆண்டு ஒக்டோபரில் 16 நாள் முடக்கம்! பணத்தை விடுவிப்பது ஒதுக்கீட்டுச் சட்டம். நிபந்தனை போட்டதோ வேறொரு தாளுக்கு, செலவைத் திட்டமிட மட்டுமே உதவும் தீர்மானத்துக்கு.

கலிபோர்னியாவில் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற ஜூன் 15 கெடு; தவறினால் மாநிலச் சட்டசபை உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை. 2011இல் திட்டம் நிறைவேறியும், வரவும் செலவும் சமப்படவில்லை என்று மாநிலக் கணக்கதிகாரி சம்பளத்தை நிறுத்தினார். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று நீதிமன்றம் பின்னர் சொன்னது.

எங்கள் நிலை வேறு. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தாமதித்தால் சில மாதச் செலவுக்கு மட்டும் பாராளுமன்றம் அனுமதி தரும் இடைக்காலக் கணக்கறிக்கை இருக்கிறது. 2019இன் முதல் நான்கு மாதங்கள் அப்படித்தான் ஓடின. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறுமுன் பாராளுமன்றம் கலைந்தால், புதிய பாராளுமன்றம் கூடவேண்டிய நாளிலிருந்து மூன்று மாதம் வரை அரச வருமானம் சேரும் திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்க எங்கள் அரசியலமைப்பின் உறுப்புரை 150(3) ஜனாதிபதிக்கு இடம் தருகிறது. கொடுப்பனவை மாற்றுவதற்கும் தேர்தல்வரை காத்திருக்கத் தேவையில்லை. உறுப்புரை 68இன்படி சட்டமோ தீர்மானமோ போதும்.

சிக்கல் தொகையில். அடிப்படைக் கொடுப்பனவு மாதம் 54,285 ரூபாதான். அமர்வு நாளொன்றுக்கு 2,500 ரூபா தனி. தொலைபேசி, எரிபொருள், அலுவலகம் என்று வருவனவே பெரிது. அவற்றைத் தொடாமல் 'சம்பளத்தை' மட்டும் நிறுத்தினால் யாருக்கும் உறைக்காது. வசதியுள்ளவருக்கு அதுகூடத் தெரியாது.

விதி எழுதுவதானால் நிபந்தனை 'பொறுப்பான திட்டம்' போன்ற சொல்லாக இருக்கக்கூடாது. திட்டத்தின் மூன்றாம் வாசிப்பு, அதாவது இறுதி வாக்கெடுப்பு, இன்ன திகதிக்குள் முடிந்ததா, இல்லையா? பாராளுமன்றச் செயலாளர் நாயகம் அந்த ஒரு விடயத்தை மட்டும் அத்தாட்சிப்படுத்தட்டும். நிறுத்திய பணம் திரும்பி வரவும் கூடாது. பிறகு கிடைக்கும் பணம் தண்டனையல்ல, சேமிப்பு.

இன்னொன்று. அரச பணத்தைச் செலவிடும் சட்டமூலத்தை உறுப்புரை 152இன்படி அமைச்சர்தான், அதுவும் அமைச்சரவை அங்கீகாரத்தோடு, கொண்டுவரலாம். எதிரணி உறுப்பினர் அதைக் கொண்டுவர முடியாது. ஆகவே முதலில் நிற்க வேண்டியது அமைச்சர்களின் கொடுப்பனவு. 2018 நவம்பர் 29இல் பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தப் பிரேரணை நிறைவேற்றிய சபைதானே இது.

வாசகர்,
கொழும்பு 6