அப்பாவின் போன் வந்தால் பிள்ளையைக் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். அல்சூர் ஏரிப் பக்கம் ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சேப்பர்ஸின் மையம் இருக்கிற ஊர் இது. பட்டாளத்துப் பிள்ளைகள் உங்களுக்குப் புதிதில்லை. எல்லைப்பக்கம் போடும் பீல்டு போஸ்டிங்குக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதும் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை என் கணவருக்கு லைன் கிடைத்தது. அவர் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. உயரமான மலை, பனி, அவ்வளவுதான். அங்கே போனுக்கு வரிசையில் நிற்க வேண்டும், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, மகளுக்காகப் பள்ளி அலுவலகத்துக்குப் போட்டார். "கிளாஸ் நடக்குது, மூணு மணிக்கு மேல பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு லைன் ஏது?

மாலையில் விஷயம் தெரிந்தபோது அவள் அழவில்லை. "நான் சும்மா டிராயிங்தான்மா பண்ணிட்டிருந்தேன்" என்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குக் கிளம்ப மாட்டேன் என்று அடம். தான் போனபிறகு அப்பா பேசிவிடுவாராம்.

அப்பாவின் போன் வந்தால் அவளை ஐந்து நிமிடம் அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், கேட்ட கேள்விக்கு வயதுக்கேற்ற உண்மையான பதில், இவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். கிளம்பும் முன் அவர் பதிந்து வைத்த கதைகளை ராத்திரியில் போடுகிறேன். ஆனால் பதிந்த குரலிடம் பல் விழுந்த கதையை அவள் சொல்ல முடியுமா? 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாட்களில் வீட்டில் டிவியே போடவில்லை. பள்ளி திறந்ததும் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் ஏவுகணை வீடியோ ஓடியது.

ஜனவரி 26 அன்று அவளை மேடையேற்றி, 'வீரரின் மகள்' என்று கைதட்டத் தெரிகிறது. அந்த ஒத்திகைக்காகக் கணக்கு வகுப்பு போனபோது எந்த விதிமுறையும் குறுக்கே வரவில்லை. அந்த வீரர் போன் செய்தால் மட்டும் வந்துவிடுகிறது!

சரி, கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவது யாரோ என்ற சந்தேகம் நியாயமானதே. ஒரு அடையாளச் சொல்லை எழுதித் தருகிறேன். அதைச் சொன்னால் அவர்தான். வகுப்பு ஆசிரியைக்கும் போன் எடுப்பவருக்கும் பட்டாளத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தால் போதும்.

தயவுசெய்து, போன் வந்தால் அவளைக் கூப்பிடுங்கள். அடுத்த லைன் எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது என்பதால், இந்த வாரத்துக்குள் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
பெங்களூரு