முரளிக்கு: ஆன்டிபாடி பற்றிய பதில்

அன்புள்ள முரளி,

மகள் நுண்ணுயிரியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை மகிழ்ச்சி. உன் முழங்கால் வலிப் புராணத்துக்கு நேரில் வந்து பதில் சொல்கிறேன்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் (ஒரே இலக்கைப் பற்றும்படி ஆய்வகத்தில் செய்யும் எதிர்ப்புப் புரதங்கள்) ஒழித்துவிடுமாமே என்று கேட்டிருந்தாய். ஒழிக்கும் என்பது செய்தித்தாள் தலைப்பு. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெஸ்லோடாக்சுமாப் என்ற ஆன்டிபாடி, கடும் வயிற்றுப்போக்கு தரும் குடல் பாக்டீரியாவான கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் உமிழும் 'பி' நச்சை மட்டுமே முடக்கும், கிருமியைத் தொடாது. கிருமியைக் கொல்ல ஆன்டிபயாட்டிக். நோய் திரும்பாதிருக்க இது. அதன் விற்பனையையும் 2025 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த வகை மருந்தின் அருமைதான் அதன் தொல்லையும். குறித்த இலக்கை மட்டும் பற்றுவதால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. ஒருமுறை ஏற்றினால் வாரக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். ஆனால் நுரையீரலையும் இரத்தத்தையும் தாக்கும் கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியாவின் சர்க்கரை உறையில் மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட வகைகள். ஒன்றுக்குச் செய்த ஆன்டிபாடிக்கு மற்றது யாரென்றே தெரியாது. தோல் புண் முதல் இரத்தத் தொற்று வரை உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் கெட்டிக்காரன். வெள்ளணுக்கள் பற்ற வேண்டிய ஆன்டிபாடியின் வால்பகுதியைத் தன் 'புரதம் ஏ'வால் முந்திக்கொண்டு பிடித்துவிடும். எதிரிதான், ஆனாலும் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

இதில் புதுமை என்று பார்த்தால் பாதிதான். 1930களில் நிமோனியா நோயாளியின் சளியைச் சோதித்து, நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவின் வகையைக் கண்டறிந்து, அந்த வகைக்குரிய குதிரை அல்லது முயல் சீரத்தை (ஆன்டிபாடிகள் நிறைந்த இரத்த நீரை) ஏற்றினார்கள். சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்ததும் அந்தச் சிரமம் வேண்டாமென்றாயிற்று. இன்று அதே சிரமம் திரும்பிவருகிறது. எந்தக் கிருமி, எந்த வகை என்று சில மணி நேரத்தில் சொல்லும் சோதனை இல்லாமல், எவ்வளவு அருமையான ஆன்டிபாடியும் குளிர்பெட்டியில்தான் கிடக்கும். கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள். அதற்குள் நச்சு தன் வேலையை முடித்திருக்கும். ஆகவே புது ஆன்டிபாடிக்குக் கொட்டும் பணத்தில் பாதியைச் சோதனைக் கருவிகளுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. கூட்டங்களில் இதைச் சொன்னால் யாரும் கைதட்டுவதில்லை.

உன் மகளிடம் ஒன்று கேள். கிளெப்சியெல்லாவில் உறையைக் குறிவைப்பாளா, அதன் அடியில் பாக்டீரியாவின் மேற்பரப்பிலிருக்கும் ஓ-ஆன்டிஜென் என்ற சர்க்கரைச் சங்கிலியையா? ஓ வகைகள் குறைவு, ஆனால் உறை அவற்றை மறைத்துவிடுகிறது. எங்கள் ஆய்வகமே இதில் இரண்டுபட்டுக் கிடக்கிறது. நான் எந்தப் பக்கம் என்பதை நீ ஊகித்தாலும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடாதே.

உன்,
சிவா